வாத்து வண்டியும் மூன்று வயது ஸ்டிக்கரும்

போன மாதம் 'குட்டிக்கை' பொம்மைக் கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நல்ல பெண், மரியாதையாகப் பேசினாள். கம்பெனியின் வரலாறு புத்தகமாக வரப்போகிறதாம். முதல் நாளிலிருந்து வேலை பார்த்தவர்களைத் தேடியதில் நான்தான் கிடைத்தேனாம்.

"அரைப் பக்கம் போதும் மேடம். இனிமையான நினைவு ஏதாவது எழுதிக் குடுங்க. கூடவே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ."

சரி என்றேன். நான்கு நாள் கழித்துப் புத்தகத்தின் மாதிரிப் பக்கங்கள் தபாலில் வந்தன. வழவழப்பான தாள். பேரன் வாசித்துக் காட்டுகிறேன் என்றான். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும், நானே படித்தேன். பன்னிரண்டாம் பக்கம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதில் இப்படி இருந்தது: "வாடிக்கையாளர் எவரும் கேட்காத நிலையிலும், குழந்தைகளின் பாதுகாப்பை மட்டுமே மனதில் கொண்டு, விற்றுப்போன பொம்மைகளை வீடு வீடாகத் தேடித் திருத்திய பெருமை நம் நிறுவனத்துக்கு உண்டு." பக்கத்தில் இரண்டு பேர் படம். ஒருவர் சின்ன முதலாளி. இன்னொருவர் எங்கள் மேனேஜர் பக்தவத்சலம் சார்.

எவரும் கேட்காத நிலையில்! வளர்மதி கேட்டாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கம்பெனி கேட்டில் நின்று கேட்டாள். அவள் கேட்டதற்கு இவர்கள் கொடுத்த பதிலும் எனக்குத் தெரியும். அதனால் அரைப் பக்கம் எழுதவில்லை. இதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பத்தொன்பதில். வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம். எனக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வேங்கிக்கால் பக்கம் மரம் அறுக்கும் மில் வைத்திருந்தவர்தான் பெரிய முதலாளி. அவர் மனைவி தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு நர்சரிப் பள்ளி நடத்தினார். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. எண்ணக் கற்றுக்கொடுக்கப் புளியங்கொட்டையும் தீப்பெட்டியும்தான் அங்கே இருந்தன. ஒரு பையன் புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டதும், டீச்சரம்மா மில்லுக்கு வந்து, கழித்துப் போட்ட மரத்துண்டுகளைக் காட்டி, "இதை உருட்டையா, சதுரமா, பெரிசா அறுத்துக் குடுங்க, வாய்க்குள்ள போகாத மாதிரி" என்று கேட்டார். 'குட்டிக்கை' பிறந்தது அப்படித்தான். புத்தகத்தில் பெரிய முதலாளி வெளிநாட்டில் ஒரு பொம்மைக் கடையைப் பார்த்ததாகவும் அங்கே யோசனை உதித்ததாகவும் போட்டிருக்கிறார்கள். நான் அறிந்தவரை அவர் திருப்பதிக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

என்னை வேலைக்கு எடுத்ததும் டீச்சரம்மாதான். "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பத்தாவது என்றேன். "அது கெடக்கட்டும். எத்தனை புள்ளைங்க வளர்த்தீங்க?" என்றார். மூன்று என்றேன். செக்கிங் பிரிவில் போட்டுவிட்டார்.

செக்கிங்கில் நாங்கள் நான்கு பெண்கள். நூர்ஜஹான் ஒன்றாம் நம்பர், நான் நாலாம் நம்பர். நம்பர் என்றால் ரப்பர் ஸ்டாம்ப். ஒவ்வொருத்திக்கும் ஒன்று. பார்த்து முடித்த பொம்மையின் அடியில் அவரவர் நம்பரைக் குத்த வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பக்தவத்சலம் சார். சென்னையில் சைக்கிள் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு வந்தவர். "பொம்மை பேசாதும்மா. யார் பார்த்தாங்கன்னு அது சொல்லணும்னா நாமதான் அதுக்கு வாய் வெக்கணும்" என்பார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவர் நல்லவராக இருந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவ்வளவுதான். அதைப் பார்த்தால் கடைசல் பட்டறைக்காரர்கள்கூட இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். "ரிஜெக்ட்" என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "இது வீட்டுக்குப் போகாதும்மா" என்பார். புதிதாக எந்தப் பொம்மை வந்தாலும் முதலில் தரையில் உட்காருவார். வேட்டி அழுக்காவது பற்றிக் கவலைப்பட மாட்டார். குழந்தை எந்த உயரத்திலிருந்து பார்க்குமோ அந்த உயரத்திலிருந்து பார்ப்பார். பிறகு அதை வாயில் வைப்பார். நக்குவார். கடைவாய்ப் பல்லில் கொடுத்துக் கடிப்பார். எங்களுக்கு முதல் நாள் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதை வாங்கற புள்ளை முதல்ல இதைத்தான் செய்யும். நமக்கு என்ன வெக்கம்?" என்றார். அதற்காகவே ஒரு டம்ளர் தண்ணீர் அவர் மேஜையில் எப்போதும் இருக்கும், வாய் கொப்பளிக்க.

ஐந்து சோதனை. ஒரு பெட்டிச் சரக்கு வந்தால் அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பொம்மை எடுப்போம். முதலில், மார்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் ஐந்து முறை போட வேண்டும். இரண்டாவது, ஈரமான வெள்ளைத் துணியால் சாயத்தைத் தேய்க்க வேண்டும், துணியில் கொஞ்சம் சிவப்பு இறங்கினாலும் பெட்டி முழுக்கத் திரும்பிப் போகும். மூன்றாவது, ஸ்பிரிங் தராசின் கொக்கியைச் சக்கரத்தில் மாட்டி இழுத்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும். நான்காவது, இத்தனைக்கும் பிறகு கழன்று வந்தது எதுவாக இருந்தாலும் பித்தளைக் குழலில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் குழலின் வாய் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் முழுசாக இறங்கினால் குழந்தையின் தொண்டைக்குள்ளும் இறங்கும் என்று கணக்கு. ஐந்தாவது, ஊற வைப்பது. பத்தில் இரண்டைத் தண்ணீர் வாளியில் ஒரு முழு நாள் போட்டுவைத்து, மறுநாள் எடுத்து மறுபடி இழுத்துப் பார்ப்போம். பிள்ளைகள் பொம்மையை எச்சில் பண்ணும், குளிக்கும்போது எடுத்துப் போகும், சாம்பாரில்கூடப் போடும். எங்களுக்குத் தெரியாதா?

வாத்து வண்டிதான் எங்கள் கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நடக்கப் பழகுகிற குழந்தை கயிற்றைப் பிடித்து இழுத்தால், மர வாத்து தலையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வரும். நான்கு சக்கரம். சக்கரம் கழலாமல் இருக்க அச்சின் இரண்டு முனையிலும் சிவப்பு மூடி. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. அதைப் பசை போட்டு ஒட்டி, குறுக்கே ஒரு சிறு மர ஆணியும் அடிப்பார்கள். ஆணி இருக்கிறவரை மூடி கழலாது. அத்தனை வருஷத்தில் ஒன்றுகூடக் கழன்று நான் பார்த்ததில்லை.

டீச்சரம்மாவின் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் ஒரு தபால் அட்டை வைப்போம். குழந்தையின் பெயர், பிறந்த நாள், என்ன பொம்மை, விலாசம் எழுதி அனுப்பினால், பிறந்த நாளுக்குக் கம்பெனியிலிருந்து வாழ்த்து போகும். அந்த அட்டைகள் மாதவாரியாக மரத் தட்டுகளில் அடுக்கி, எங்கள் பிரிவிலேயே இருந்தன.

ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று. பெரிய முதலாளிக்குப் பக்கவாதம் வந்தது. டீச்சரம்மா அவரை அழைத்துக்கொண்டு பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகன் வந்து உட்கார்ந்தார், அவர்தான் சின்ன முதலாளி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பொம்மை என்றால் பெட்டி. எத்தனை பெட்டி, எத்தனை நாளில், எந்த ஊருக்கு. குழந்தையை அவர் பெட்டியின் மேல் அச்சடித்த படத்தில்தான் பார்த்தார்.

வந்த ஆறு மாதத்தில் மர ஆணி போயிற்று. "புதுப் பசை வந்திருக்கு, இரும்பு மாதிரி பிடிக்கும், ஆணிக்கு எதுக்குத் தனியா ஒரு ஆள்?" என்றார். இரண்டு வாரத்தில் வாளியும் போயிற்று. ஒரு நாள் ஊற வைப்பதால் ஒரு நாள் சரக்கு தேங்குகிறதாம். பக்தவத்சலம் சார் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கட்டிக்கொண்டார். எங்களிடம் வந்து, "இனிமே நாலு சோதனை போதும்மா" என்றார்.

"ஆணியும் இல்லாம ஊறவும் வெக்காம எப்படி சார்?" என்று நூர்ஜஹான் கேட்டாள்.

"இழுத்துப் பாருங்க. நிக்குதில்ல?"

நின்றது. காய்ந்த பசை இரும்பு மாதிரிதான் பிடித்தது. பத்து எண்ணுகிறவரை இழுத்தாலும் அசையவில்லை. நானும் ஸ்டாம்ப் குத்தினேன். ஒன்றிரண்டல்ல, பெட்டி பெட்டியாகக் குத்தினேன். மனசுக்குள் இடித்தது. இடித்தும் குத்தினேன். மற்றவர்களைப் பற்றி எழுதும்போது இதை மறைத்தால் நானும் அந்தப் புத்தகம் போட்டவர்களைப் போலத்தான்.

அடுத்த ஆனி மாதம் ஒரு காலையில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் வந்தார். "நாலாம் நம்பர் யாருன்னு ஒரு பொண்ணு கேக்குதும்மா" என்றார்.

போனேன். இருபத்திமூன்று, இருபத்திநாலு வயது இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கையில் பிளாஸ்டிக் கூடை. கூடையிலிருந்து வாத்து வண்டியை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அடியில் என் நம்பர். நான்கு மூடியில் மூன்றுதான் இருந்தன. நாலாவதை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என் பொண்ணு தொண்டையில மாட்டிக்கிச்சுக்கா" என்றாள்.

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பெயர் வளர்மதி. புருஷன் மணிலாக்கொட்டை பயிர் வைக்கிறவர். இவள் பன்னிரண்டாவது முடித்தவள். குழந்தைக்கு ஒன்றேகால் வயது. அவள் தம்பி பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தபோது தேரடித் தெருவில் வாங்கியது அந்த வண்டி. ஒரு மாதம் குழந்தை அதை இழுக்காத இடமில்லை. வாசலில் தண்ணீர் தெளிக்கும்போதும் இழுத்துக்கொண்டு வந்தது.

"நான் அரிசி களைஞ்சிட்டு இருந்தேன்க்கா. ரெண்டடி தள்ளி உக்காந்திருந்தா. திடீர்னு சத்தமே இல்ல. திரும்பிப் பார்த்தா மூஞ்சி நீலமா இருக்கு. வாயைத் தெறந்து தெறந்து மூடுறா, அழுகை வரல. தூக்கிக் கைமேல குப்புறப் போட்டு முதுகுல தட்டினேன். எத்தனை தட்டு தட்டினேன்னு தெரியல. தெறிச்சு வந்து விழுந்துச்சு. கூடவே ரத்தம். பெரியாஸ்பத்திரியில ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க. ஒரு வாரம் குரலே வரல."

குழந்தை என் மேஜைமேல் இருந்த பித்தளைக் குழலை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. வளர்மதி கொண்டுவந்த மூடியை எடுத்துக் குழலில் போட்டேன். சத்தமில்லாமல் இறங்கிவிட்டது.

பக்தவத்சலம் சாரிடம் அழைத்துப் போனேன். அவர் எழுந்து நின்று கேட்டார். முழுக்கக் கேட்டார். முகம் செத்துப்போயிருந்தது. "நாங்க என்ன செய்யணும்மா?" என்று கேட்டார்.

அவள் நஷ்ட ஈடு கேட்பாள் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். இதே மாதிரி இன்னும் எத்தனை வீட்ல இருக்கோ. அவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க. எல்லாருமே ரெண்டடி தள்ளி உக்காந்திருக்க மாட்டாங்க."

"மேல பேசிட்டு லெட்டர் போடறேம்மா" என்று அவள் விலாசத்தைத் தன் கையால் எழுதிக்கொண்டார். நான் நம்பினேன். அவள் போன பிறகு மூன்று நாள், யாருக்கெல்லாம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நானே மனதில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ஒரு கட்டு ஸ்டிக்கர் வந்தது. சின்ன சைஸ், நகத்தளவு எழுத்து, அதுவும் இங்கிலீஷ். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. வாத்து வண்டிப் பெட்டியில் எல்லாம் ஒட்டச் சொல்லி உத்தரவு.

ஆணி வரவில்லை. வாளி வரவில்லை. ஸ்டிக்கர் வந்தது!

சின்ன முதலாளி அன்று அவரே எங்கள் பிரிவுக்கு வந்தார். "லீகலா நாம இப்ப சேஃப். வயசு போட்டுட்டா அப்புறம் அவங்க பொறுப்பு" என்று விளக்கினார்.

"சார், மூணு வயசுப் புள்ளை எதுக்கு சார் வாத்தை இழுக்கும்? அது மூணு சக்கர சைக்கிள் கேட்டு அழும். இது நடை பழகற புள்ளைக்குன்னே செஞ்சது. பெட்டி மேல இருக்கற போட்டோவுல பாருங்க, அந்தப் புள்ளைக்கு இன்னும் பல்லே சரியா மொளைக்கல" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். "போட்டோவை அடுத்த பிரிண்ட்ல மாத்திக்கலாம்" என்றார்.

நான் ஸ்டிக்கர் கட்டை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளிவைத்தேன். மற்ற மூன்று பேரும் அவரவர் கட்டைத் தள்ளிவைத்தார்கள். பிறகு பேக்கிங்கில் ஆள் வைத்து ஒட்டினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் வளர்மதி மறுபடி கேட்டில் வந்து நின்றாள். கையில் கம்பெனி கவர். "லெட்டர் வந்துச்சுக்கா" என்று சொல்லி, நான் வாங்குவதற்குள் அவளே பிரித்துப் படித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிப்பது போலப் படித்தாள்.

"எமது தயாரிப்பு உரிய சோதனைகளுக்குப் பின்னரே விற்பனைக்கு அனுப்பப்படுகிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையைத் தங்கள் குழந்தைக்கு அளித்ததும், தாயின் மேற்பார்வை இன்மையுமே நிகழ்வுக்குக் காரணம் என அறிகிறோம்."

கீழே பக்தவத்சலம் சாரின் கையெழுத்து.

"மேற்பார்வை இல்லையாம்க்கா. நான் பார்த்ததாலதான் அவ இருக்கா. என் மாமியார் இந்த லெட்டரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, 'பாரு, கம்பெனிக்காரனே சொல்றான்'னு ஊரெல்லாம் சொல்லிட்டு வராங்க. நான் என்ன கேட்டேன், இவங்க என்ன எழுதியிருக்காங்க?"

அவள் வண்டி வாங்கியபோது பெட்டியில் வயதே போட்டிருக்கவில்லை. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே எழுதினார்கள். நான் இருபது வருஷம் வேலை பார்த்த இடத்தில் என் காதால் கேட்ட மிக அசிங்கமான வார்த்தை அந்தக் கடிதத்தில்தான் இருந்தது, மரியாதையான தமிழில்.

அன்று மத்தியானமே கோடவுனிலிருந்து பத்து வாத்து வண்டி எடுத்து வந்தேன். பழைய வாளியைத் தேடி, தண்ணீர் நிரப்பி, எல்லோரும் நடக்கிற வழியில் வைத்து அதில் போட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நூர்ஜஹானும் நானும் ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் மாட்டினோம். ஏழு வண்டியில் மூடி கழன்றது. சிலதில் பத்து எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு மூடி வாளிக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது.

கழன்ற மூடிகளை ஒரு தட்டில் போட்டு, பக்தவத்சலம் சார் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"பத்துக்கு ஏழு சார்" என்றேன்.

அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. "தெரியும்மா" என்றார்.

"என்ன சார் தெரியும்?"

"ஆணியை எடுத்த அன்னிக்கே வீட்டுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போய் ஊறவெச்சுப் பார்த்தேன்."

எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நான் ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கும்மா. சின்ன பொண்ணுக்கு இப்பதான் எடம் பார்க்கறோம்."

"அந்தப் புள்ளைக்கு ஒன்னேகால் வயசு சார்."

அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வளர்மதி கேட்டது ஒரே விஷயம். மற்ற வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு விலாசம் வேண்டும். விலாசம் எங்கள் முதுகுக்குப் பின்னால் மரத் தட்டுகளில் அடுக்கி இருந்தது! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேரும் ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொண்டோம். ஆணி இல்லாமல் போன நாளிலிருந்து வந்த அட்டைகளில் வாத்து வண்டி என்று எழுதியிருந்ததை மட்டும் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் பிறந்த நாளைப் பார்த்தோம். ஒரு வயது, ஒன்றரை வயது, பதினோரு மாதம். மூன்று வயதில் ஒரு குழந்தைகூட இல்லை. இந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த ஸ்டிக்கரை அச்சடித்தார்கள்.

ஆறு நாள் சாப்பாட்டு நேரத்தில் நகல் எடுத்தோம். நானூறுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஞாயிற்றுக்கிழமை நூர்ஜஹான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கார்டு எழுதினோம். வளர்மதியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கையெழுத்துதான் எங்கள் எல்லோருடையதையும்விட அழகு. எல்லாக் கார்டிலும் ஒரே வாசகம்.

"உங்கள் வீட்டில் உள்ள வாத்து வண்டியின் சிவப்பு மூடி நனைந்தால் கழன்றுவிடும். குழந்தை விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. நான்கு மூடியையும் இன்றே பிடுங்கிக் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். சக்கரம் கழன்றால் பரவாயில்லை."

கீழே யார் பெயர் போடுவது என்று கேள்வி வந்தது. பெயர் வேண்டாம் என்றாள் ஒருத்தி, பயம். நான் பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து என் கார்டுகளில் நாலு என்று குத்தினேன். பிறகு அவளும் தன்னுடையதை எடுத்தாள்.

ஒரு வாரத்தில் தபால் வர ஆரம்பித்தது. முதல் நாள் இரண்டு கவர், மறுநாள் பதினைந்து, அப்புறம் தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் பையோடு உள்ளே வந்தார். எல்லாவற்றிலும் சிவப்பு மூடிகள். சிலர் துணியில் முடிந்து அனுப்பினார்கள், சிலர் மருந்துச் சீட்டில் மடித்து. சிலர் நன்றி எழுதியிருந்தார்கள். செங்கத்திலிருந்து ஒருவர் எழுதியது மட்டும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "உங்கள் கார்டு வந்தபோது ஒரு மூடி ஏற்கனவே காணவில்லை. வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம். பெண்சாதி அழுதுவிட்டாள். கடைசியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது. மொத்தம் நான்கு, எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்."

சின்ன முதலாளி எங்களைக் கூப்பிட்டார். மேஜை நிறையக் கவர்கள்.

"கம்பெனி பேர்ல லெட்டர் போட உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

"பொம்மைக்கு அடியில என் நம்பர் இருக்கு சார்" என்றேன்.

"வேலை போகும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வேலை போகவில்லை. அதற்கு அவருடைய தாராளம் காரணமில்லை. நன்றி சொல்லி வந்த கடிதங்களில் இரண்டு மூன்று, எங்களிடம் பொம்மை வாங்கும் பெரிய பள்ளிக்கூடங்களின் டீச்சர்கள் அவரவர் வீட்டிலிருந்து எழுதியவை. எங்களை வெளியே அனுப்பினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். அதனால் எங்கள் நான்கு பேரையும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஸ்டாம்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு எந்தப் பொம்மையிலும் நம்பர் கிடையாது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அச்சடித்த ஓ.கே. மர ஆணி மட்டும் ஒரு மாதத்தில் சத்தமில்லாமல் திரும்ப வந்தது. மறு வருஷம் சென்னையில் ஒரு கண்காட்சியில், கம்பெனி தானாக முன்வந்து செய்த நல்ல காரியம் என்று இதையே சொல்லி ஒரு கேடயம் வாங்கி வந்தார்கள். அதை ரிசப்ஷனில் வைத்தார்கள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் பேக்கிங்குக்குப் போவேன்.

வளர்மதிக்கு எழுதிய கடிதத்தை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. தவறு எங்களுடையது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அவள் மாமியாரிடம் காட்டட்டும் என்று நான் இரண்டு முறை கேட்டேன். வக்கீல் வேண்டாம் என்கிறார் என்றார்கள்.

பக்தவத்சலம் சார் ஓய்வு பெற்ற அன்று மாலை மரியாதை, போண்டா, பேச்சு எல்லாம் நடந்தது. நான் போகவில்லை. பேக்கிங்கில் தனியாகப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் மாலையோடு அவரே வந்தார்.

"என்மேல கோவமாம்மா?"

"ஆமா சார்."

"நான் கையெழுத்துப் போடலன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க."

"போட்டிருக்கட்டும் சார். எங்களுக்கு வாயில வெச்சுப் பார்க்கச் சொல்லிக் குடுத்தவர் போட்டதா இருந்திருக்காது."

அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அந்தப் பொண்ணு எந்த ஊரும்மா? ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம்னு."

"உங்க கையாலதான சார் அட்ரஸ் எழுதுனீங்க" என்றேன். ஆனாலும் ஒரு காகிதம் கிழித்து, ஊர், தெரு, எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று எல்லாம் எளிதாகப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து வளர்மதியைச் சந்தையில் பார்த்தேன். குழந்தை நன்றாகப் பேசியது. சார் வந்தாரா என்று கேட்டேன்.

"எந்த சார்க்கா?" என்றாள்.